பந்து வீசுகிறவனுக்கு மட்டுந்தானா ஒழுக்கம்?

கிரிக்கெட்டு என்னும் பந்தாட்டத்தைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதவேண்டிய அவசியம் என்ன வந்துவிட்டது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவசியம் வந்துதான் இருக்கின்றது. காவிரிப் பாசன ஊர்களில் சம்பா அறுப்பு முடிந்து, உளுந்து தெளிக்காமல் விட்ட வயல் ஒன்று கிடைத்தால் போதும். மூன்று குச்சியை நட்டுப் பையன்கள் பந்து போட ஆரம்பித்துவிடுகின்றார்கள். வயல் இல்லாவிட்டால் களத்து மேடு; அதுவும் இல்லாவிட்டால் வாய்க்கால் கரை. டெஸ்ட் பந்தயம் நடக்கும் நாளில் மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் டீக்கடைகளில் நடக்கும் தர்க்கம் எலெக்ஷன் காலத்தில்கூட நடப்பதில்லை. இத்தனை ஜனங்கள் கண்கொட்டாமல் பார்க்கின்ற ஒரு காரியத்தில் குற்றம், தண்டனை, மரியாதை, மன்னிப்பு என்பவைகள் யாருக்கு எந்த மரக்காலால் அளக்கப்படுகின்றன என்று யோசித்துப் பார்ப்பது பகுத்தறிவுக்காரர்களின் வேலையே ஆகும்.

விஷயம் இதுதான். 2025-ம் வருஷம் ஜூலை மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த டெஸ்டில், வேகப் பந்து வீசும் தோழர் முகமது சிராஜ், இங்கிலாந்தின் பென் டக்கெட்டை அவுட் ஆக்கினார். ஆக்கியவர் அத்தோடு நில்லாமல் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே போய்க் கத்தினார். தோளும் உரசியது. உடனே விசாரணை, பந்தயச் சம்பளத்தில் 100-க்கு 15 பங்கு அபராதம், ஒரு டிமெரிட் புள்ளி. அதற்கு முன் 2024 டிசம்பரில் அடிலெய்டில் ட்ராவிஸ் ஹெட்டை அவுட் ஆக்கிவிட்டு "வெளியே போ" என்று கைகாட்டியதற்கு 100-க்கு 20 பங்கும் ஒரு புள்ளியும் கொடுத்தார்கள். பதிலுக்கு வாய்கொடுத்த ஹெட்டுக்கும் ஒரு புள்ளி கிடைத்தது. ஆனால் காசு அபராதம் இல்லை.

இதைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு கட்சி இருக்கின்றது. "வெறி பிடித்தவன், ஒழுங்கு தெரியாதவன்" என்கிறது ஒரு கட்சி. "வீரன் என்றால் அப்படித்தான் இருப்பான்" என்கிறது மற்றொரு கட்சி. நமக்கு இரண்டிலும் சம்மதமில்லை. அவுட் ஆகிப் போகிறவன் தோற்றவன். தோற்றவன் முகத்தில் போய்க் கத்துவது எந்தச் சுயமரியாதைக்காரனும் செய்யக்கூடிய காரியமல்ல. தன் மரியாதை பெரிது என்பவன் பிறன் மரியாதையையும் பெரிதாக நினைக்கவேண்டும். ஆகையால் அபராதம் போட்டது தப்பு என்று நாம் சொல்லவரவில்லை. நாம் கேட்பதெல்லாம், இந்த ஒழுக்கக் கோல் மட்டையைப் பிடித்தவன் பக்கமும் அதே வேகத்தில் திரும்புகின்றதா என்பதுதான்.

இந்தப் புள்ளிக் கணக்கைத் தெரியாத தோழர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் 2016-ல் இதைக் கொண்டுவந்தது. குற்றங்களுக்குப் படிகள் உண்டு. முதற்படிக் குற்றத்துக்கு ஒன்று அல்லது இரண்டு புள்ளி. இரண்டாம் படிக்கு மூன்று அல்லது நான்கு. 24 மாதத்துக்குள் நான்கு புள்ளி சேர்ந்தால் ஒரு டெஸ்டிலாவது இரண்டு சிறு பந்தயங்களிலாவது ஆடக்கூடாது. காகிதத்தில் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே சட்டம். நம் தேசத்துச் சட்டப் புத்தகத்திலும் எல்லோரும் சமம் என்றுதான் எழுதியிருக்கின்றது!

இனி ஒரே மனிதனை எடுத்துக்கொள்ளுவோம். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் 600-க்கு மேல் டெஸ்ட் விக்கெட்டு எடுத்த வேகப் பந்து வீச்சுக்காரர். 2013-ல் டிரென்ட் பிரிட்ஜில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, பந்து அவர் மட்டையில் பட்டுச் சிலிப்பில் நின்றவர் கைக்குப் போயிற்று. உலகமே பார்த்தது. அம்பயர் மாத்திரம் பார்க்கவில்லை. பிராட் ஒன்றும் தெரியாதவர்போல் நின்று, மேற்கொண்டு ஆடினார். எந்தப் புள்ளியும் இல்லை, அபராதமும் இல்லை. அம்பயர் சொல்லாதவரை போகவேண்டியதில்லை என்பது சட்டம் என்று விளக்கம் சொன்னார்கள். அதே பிராட் 2020-ல் ஓல்டு டிராஃபோர்டில் பாகிஸ்தானின் யாசிர் ஷாவை அவுட் ஆக்கிவிட்டு ஒரு வசைச்சொல் சொன்னார். அதற்கு 100-க்கு 15 பங்கு அபராதமும் ஒரு புள்ளியும்! இதில் வேடிக்கை என்னவென்றால், அபராதம் போட்ட மாட்ச் ரெபரி அவருடைய சொந்தத் தகப்பனார் கிறிஸ் பிராட். மகன் என்று பார்க்காத அந்த நியாயத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் மட்டை கையில் இருந்தபோது அவுட் ஆனதை மறைத்து நின்றால் சாமர்த்தியம், பந்து கையில் இருந்தபோது ஒரு வார்த்தை சொன்னால் குற்றம் என்றால், ஆள் ஒருவரே ஆனதால் குறை ஆளிடத்தில் இருக்க முடியாது. மட்டைக்கு ஒரு ஜாதி, பந்துக்கு ஒரு ஜாதி என்று இந்த ஆட்டத்தில் எங்கேயோ ஒரு வருணாசிரமம் இருக்கவேண்டும்.

இருக்கின்றது. கற்பனையாகச் சொல்லவில்லை, எழுதிவைத்த வருணாசிரமமாகவே இருந்தது. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களைக் "கனவான்கள்" என்றும் "ஆட்டக்காரர்கள்" என்றும் இரண்டு வருணமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர் கனவான். கூலி வாங்கி ஆடுகிறவன் வெறும் ஆட்டக்காரன். இரண்டு பேரும் ஒரே கட்சியில் ஆடினாலும் உடை மாற்ற வேறு வேறு அறை; பல மைதானங்களில் உள்ளே வர வேறு வேறு வாசல். அச்சடித்த ஆட்டச் சீட்டிலும் கனவானுக்கு முன்னெழுத்துகள் பெயருக்கு முன்னால், கூலிக்காரனுக்குப் பெயருக்குப் பின்னால்! நம்மூர் அக்கிரகாரத்துக் கிணற்றைப் பற்றிப் பேசினால் "அது இந்தியாவின் விசேஷம்" என்று சிரிக்கிற வெள்ளைக்காரர்கள் இந்தச் சீட்டை 1962 வரையில் அச்சடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேப்டன் வேலை கனவானுக்கே. பெரும்பாலும் நின்று நிதானமாக மட்டை பிடிப்பவர் கனவான். வெயிலில் ஓடியோடிப் பந்து வீசி இடுப்பு ஒடிகிறவன் கூலிக்காரன்.

கூலிக்காரன் யார்? நாட்டிங்ஹாம்ஷயர்க்காரரான ஹரால்டு லார்வுட்டைச் சொல்லலாம். 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் மட்டக்குதிரை மேய்த்துக் கூலி வேலை செய்தவர். அவர் கூட்டாளி பில் வோஸும் சுரங்க வேலைக்காரரே. கேப்டன் டக்ளஸ் ஜார்டினோ விஞ்செஸ்டரிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த கனவான், பம்பாயில் பிறந்தவர். 1932-33-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்துக் கட்சி, பிராட்மனை அடக்க ஒரு யுக்தி செய்தது. கால்பக்கத்தில் ஆட்களை நெருக்கி நிறுத்தி, ஆட்டக்காரரின் உடம்பை நோக்கிக் குத்தியெழும் பந்தை வீசுவது. அந்த யுக்தி ஜார்டினுடையது. வீசிய கை லார்வுட்டினுடையது. 1933 ஜனவரியில் அடிலெய்டில் ஆஸ்திரேலியக் கேப்டன் உட்புல்லின் நெஞ்சில் லார்வுட்டின் பந்து பட்டது. அவர் வலியில் தள்ளாடி நின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் ஆட்களைக் கால்பக்கத்துக்கு மாற்றி நிறுத்தியவர் ஜார்டின். அதே பந்தயத்தில் ஓல்ட்பீல்டின் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. அது அந்த யுக்தியில் வீசிய பந்தல்ல, தம்முடைய தவறே என்று ஓல்ட்பீல்டே சொல்லிவிட்டார். இருந்தாலும் ஊர் முழுவதும் கொதித்தது. இது விளையாட்டுக்காரர் நடத்தையல்ல என்று ஆஸ்திரேலிய போர்டு லண்டனுக்குத் தந்தி அடித்தது. பிரச்சினை இரண்டு சர்க்கார் வரையில் போயிற்று.

இந்த இடத்தில் தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் கட்சியில் கப்பி ஆலன் என்றொரு வேகப் பந்து வீச்சுக்காரரும் இருந்தார். அவர் கனவான். "நான் அப்படி வீசமாட்டேன்" என்று கேப்டனிடம் மறுத்துவிட்டார். அவருக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் ஆடினார். 1936-ல் அவரே இங்கிலாந்துக்குக் கேப்டன் ஆனார். பிற்காலத்தில் 'சர்' பட்டமும் வந்தது. லார்வுட் மறுத்திருந்தால்? கூலிக்காரன் கேப்டன் சொன்னதை மறுத்தால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகவேண்டியதுதான், போன பிறகு சுரங்கத்துக்குத்தான். ஆகவே மனச்சாட்சி என்பதும் அங்கே காசுள்ளவனுக்கே கட்டுப்படியாகிற சரக்காக இருந்தது.

லார்வுட் அந்தத் தொடரில் 33 விக்கெட்டு எடுத்தார். கடைசி டெஸ்டில் ஓடியோடிக் கால் எலும்பு முறிந்துபோயிற்று. முறிந்த காலோடு, பிராட்மன் அவுட் ஆகும்வரை மைதானத்தை விட்டுப் போகக்கூடாது என்று ஜார்டின் நிறுத்திவைத்தார். ஊர் திரும்பிய பிறகு, ஆஸ்திரேலியாவைச் சமாதானம் செய்யவேண்டியிருந்தது. அதற்கு ஒரு ஆள் வேண்டுமே! 1934-ல் லார்வுட்டைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கேப்டன் சொன்னபடி வீசினேன், மன்னிப்புக் கேட்க என்னிடத்தில் ஒன்றுமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அப்புறம் அவர் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஜார்டின், தாமே அறிக்கை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கினாரே தவிர, அவர் முன்னால் யாரும் கடிதத்தை நீட்டவில்லை.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்து கண்ணால் காட்டுவார். காரியக்காரர் வாயால் சொல்லுவார். அடிக்கிற கை ஏழையின் கையாக இருக்கும். அடிபடுகிற முதுகும் ஏழையின் முதுகாகவே இருக்கும். போலீஸ் விசாரணை என்று வந்தால், திண்ணையில் இருந்தவர் அன்று ஊரிலேயே இருந்திருக்கமாட்டார். சவுக்கடியும் சாணிப்பாலும் இந்த ஜில்லாவில் "ஒழுங்கு" என்ற பெயரால்தான் நடந்தன. பண்ணையாள் தலை நிமிர்ந்து பார்த்தால் துடுக்கு; பண்ணையார் தாய் தகப்பனைச் சேர்த்துத் திட்டினால் அது அவர் சுபாவம். 1940-களில் விவசாயத் தொழிலாளிகள் சங்கம் கட்டி எழுந்த பிறகுதான் அந்தச் சவுக்கு கீழே இறங்கிற்று. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். அதே 1952-ல்தான் இங்கிலாந்துக் கட்சிக்கு, இந்த நூற்றாண்டில் முதல் தடவை என்று அன்று சொல்லிக்கொண்டார்கள், கூலி ஆட்டக்காரரான லென் ஹட்டன் கேப்டன் ஆக்கப்பட்டார்.

நிற்க. மேற்படி ஜார்டின் துரை லார்வுட் தண்டிக்கப்படுவதற்குச் சில மாதம் முன்னால் நம் சென்னைக்கே கேப்டனாக வந்தார். 1934 பிப்ரவரி 10-ந் தேதி சேப்பாக்கத்தில் தொடங்கிய அந்தப் பந்தயந்தான் சென்னையில் நடந்த முதல் டெஸ்ட். அதில் கிளார்க் என்பவரின் வேகப் பந்து நவுமல் ஜவுமலின் முகத்தில் பட்டு, அவர் மேற்கொண்டு ஆடமுடியாமற் போயிற்று. அதற்காக எந்த போர்டும் தந்தி அடிக்கவில்லை. எந்த சர்க்காரும் கலங்கவில்லை. வெள்ளைக்காரன் நெஞ்சில் பட்டால் சாம்ராஜ்யப் பிரச்சினை, கறுப்பு மனிதன் முகத்தில் பட்டால் ஆட்டத்தில் சகஜம். நம்மவர் அமர்சிங் அதற்குப் பதிலாக யாரையும் வையவில்லை. அதே பந்தயத்தில் ஒரே இன்னிங்ஸில் 86 ஓட்டத்துக்கு ஏழு பேரை அவுட் ஆக்கினார்.

வெள்ளைக்காரன் கதையை மட்டும் சொல்லிவிட்டு நம்முடையதை மூடிவைத்தால் அது யோக்கியமாகாது. பல்வங்கர் பாலு என்பவர் சமார் ஜாதி என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் 1876-ல் தார்வாரில் பிறந்தவர். வேகமாக அல்ல, இடது கையால் மெதுவாக வீசுகிறவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பெருக்கி, வலையில் துரைகளுக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டுத் தேர்ச்சி பெற்றார். மட்டை பிடிக்க அங்கே அவருக்கு இடமில்லை. இந்துக்கள் கட்சியில் ஜெயிப்பதற்காக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பந்தை அவர் கையிலிருந்து வாங்கித் தொட்டார்கள். தேநீர் மாத்திரம் வெளியே நிறுத்தி மண் குவளையில்! அவர் தொட்ட பந்துக்கு இல்லாத தீட்டு, அவர் தொட்ட குவளைக்கு எப்படி வந்தது என்று ஒரு சாஸ்திரியும் சொல்லவில்லை. 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் 100-க்கு மேல் விக்கெட்டு எடுத்து வந்த அவரை, கடைசிவரை இந்துக்கள் கட்சிக்குக் கேப்டனாக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923-ல் கேப்டன் ஆனதும் போராட்டத்துக்குப் பிறகே.

இந்த வருணாசிரமத்தை மூடுவதற்கு ஒரு பட்டுத் துணி வைத்திருக்கின்றார்கள். "கிரிக்கெட்டின் ஸ்பிரிட்" என்று அதற்குப் பெயர். 2000-ம் வருஷத்தில் ஆட்டச் சட்டத்தின் முகவுரையிலேயே அதை எழுதிச் சேர்த்தார்கள். பேய் இல்லை, பிசாசு இல்லை, ஆவி இல்லை என்று ஊர் ஊராய்ச் சொல்லிவருகிறவர்கள் நாம். இவர்கள் பந்தாட்டத்துக்கும் ஒரு ஆவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! மற்ற ஆவிகளைப்போலவே இதுவும் ஆள் பார்த்துத்தான் பிடிக்கின்றது. கனவான்களில் பெரிய கனவான் என்று கொண்டாடப்படும் டாக்டர் டபிள்யூ.ஜி. கிரேஸ் 1882-ல் ஓவல் மைதானத்தில் என்ன செய்தார்? ஓட்டம் முடிந்தது என்று நம்பிக் கோட்டை விட்டு வெளியே வந்து தரையைத் தட்டிச் சரி செய்த ஜோன்ஸ் என்ற இளைஞரை, குச்சியைத் தட்டி ரன் அவுட் ஆக்கினார். சட்டப்படி சரிதான். ஆஸ்திரேலியாவின் வேகப் பந்து வீச்சுக்காரர் ஸ்போபோர்த் கோபத்தால் கொதித்தார். ஆனால் அந்தக் கோபத்தைப் பந்தில் காட்டினார். அந்தப் பந்தயத்தில் 90 ஓட்டத்துக்கு 14 விக்கெட்டு. இங்கிலாந்து 7 ஓட்டத்தில் தோற்றது. கிரேஸுக்கோ இன்றைக்கும் லார்ட்ஸ் மைதானத்தில் அவர் பெயரால் வாசல் இருக்கின்றது.

"அது பழங்கதை, இன்று அப்படியில்லை" என்பார்கள். பாதி உண்மை. 2018 மார்ச்சில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவின் காகிஸோ ரபாடா, ஸ்டீவ் ஸ்மித்தை அவுட் ஆக்கியபோது தோள் உரசியது. இரண்டாம் படிக் குற்றம், மூன்று புள்ளி, இரண்டு டெஸ்ட் விலக்கு என்று முதலில் தீர்ப்பு. அவர் வக்கீல் வைத்து அப்பீல் செய்த பிறகே முதற்படிக் குற்றம், ஒரு புள்ளி, 100-க்கு 25 பங்கு அபராதம் என்று இறங்கிற்று. 2024 டிசம்பரில் மெல்பர்னில், முதல் டெஸ்ட் ஆடவந்த 19 வயது கோன்ஸ்டாஸ்மீது விராட் கோலி நடந்துபோய்த் தோளால் மோதினார். அவர் மீது எடுத்த எடுப்பிலேயே முதற்படிதான். 100-க்கு 20 பங்கு, ஒரு புள்ளி. முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயின. ஆனால் பந்து வீசினவன் அந்த இடத்துக்கு வர வக்கீல் வேண்டியிருந்தது.

இதைச் சொல்லுவதால் வேகப் பந்து வீச்சுக்காரர்கள் எல்லாம் சாதுக்கள் என்று நாம் சாதிக்கவில்லை. 1980-ல் கிறைஸ்ட்சர்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளின் காலின் கிராப்ட், ஓடிவரும்போது அம்பயரையே இடித்துக்கொண்டு போனார். 1981-ல் பெர்த்தில் டென்னிஸ் லில்லி, ஓட்டம் ஓடிக்கொண்டிருந்த ஜாவேத் மியாண்டாடைத் தடுத்து, பின் காலால் உதைத்தார்; மியாண்டாட் மட்டையை ஓங்கினார். அதற்கு லில்லிக்கு இரண்டு ஒருநாள் பந்தயத் தடை. இதெல்லாம் சண்டியர்த்தனமேயொழிய வீரமல்ல. "கோபம் இல்லாவிட்டால் வேகம் வராது" என்கிற வாதமும் சுத்தப் புரட்டு. கோர்ட்னி வால்ஷ் டெஸ்டில் 519 விக்கெட்டு எடுத்தவர். 1987 உலகக் கோப்பையில் லாகூரில், கடைசி ஓவரில், பந்து போடுமுன்னே கோட்டை விட்டு ஓடிய பாகிஸ்தான்காரரை அவுட் ஆக்க உரிமை இருந்தும் எச்சரித்து நிறுத்திவிட்டார். பந்தயம் தோற்றது. கோபத்தில் கத்துவது வேகத்தை உண்டாக்குமானால், அந்த 519-ம் எங்கிருந்து வந்தது?

தோழர் சிராஜையே முழுதாகப் பார்ப்போம். ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவரின் மகன். 2020 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது தகப்பனார் இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்பாமல் கட்சியோடு தங்கினார். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் எல்லைக் கோட்டருகே நின்ற அவரை நிறத்தைச் சொல்லி ஜனங்கள் இழிவாகப் பேசினார்கள். அவர் கல்லை எடுக்கவில்லை, பதிலுக்கு வையவுமில்லை. கேப்டனிடமும் அம்பயரிடமும் நேரே போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது; ஆறு பேரை மைதானத்தை விட்டு வெளியேற்றினார்கள். இதுவும் மைதானத்து நடத்தைதானே? கத்தினால் கழிக்கப் புள்ளி உண்டு. இப்படி நடந்தால் சேர்க்க ஒரு புள்ளி உண்டா? 2025-ல் அந்த ஐந்து டெஸ்டிலும் சேர்த்து 1,113 பந்து வீசினார். கடைசி டெஸ்டில் இந்தியா 6 ஓட்டத்தில் ஜெயித்தது அவர் எடுத்த ஐந்து விக்கெட்டால். 1,113 தடவை ஓடிவந்து வீசுகிற உழைப்பாளி ஒருதடவை கத்தியது தப்பு. அந்தத் தப்பை எடை போடுகிறவர்கள், நின்ற இடத்தில் நின்றுகொண்டு நேரத்தைக் கடத்துகிறவன், பட்ட பந்தைப் படவில்லை என்று நிற்கிறவன், நெருங்கி நின்று மெதுவாகக் காதில் வைகிறவன் ஆகியவர்களையும் அதே தராசில் வைக்கட்டும் என்கிறோம்.

நம் ஊர்ப் பையன்களிடம் வருவோம். களத்து மேட்டில் பார்த்தால், பேட்டு யாருடையதோ அவனே முதலில் ஆடுகிறான். அவுட் ஆனாலும் "நோ பால்" என்று சாதிக்கிறான். காசில்லாத வீட்டுப் பையன் பந்து போடுகிறான், முள்ளில் விழுந்த பந்தையும் அவனே பொறுக்குகிறான். அவன் எதிர்த்துப் பேசினால் "நாளைக்கு வராதே" என்கிறார்கள். லார்ட்ஸ் மைதானத்து வருணாசிரமம் வெண்ணாற்றங்கரைக்கு வந்து சேர இதைவிட நேர் வழி வேண்டியதில்லை.

ஆகவே இந்தத் தை மாதம் பந்தயம் நடத்தப்போகிற வாலிபர் சங்கத் தோழர்களுக்குச் சில யோசனைகள். பேட்டும் பந்தும் சங்கப் பணத்தில் வாங்குங்கள். தனி ஆள் சொத்தாக இருக்கவேண்டாம். வைகிறவன் பந்து வீசுகிறவனானாலும் மட்டை பிடித்தவனானாலும் இரண்டு ஓவர் வெளியே உட்காரட்டும். ஜாதியைச் சொல்லி வைதால் அந்தப் பந்தயம் முழுவதும் வெளியே. அவுட் என்று தனக்குத் தெரிந்தும் நிற்கிறவன் அடுத்த ஆட்டத்தில் கடைசியில் ஆடட்டும். பந்து பொறுக்குவது முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும். பரிசுக் கோப்பையில் ஒன்று அதிக ஓட்டம் எடுத்தவனுக்கு என்று நோட்டீசில் போடுகிறீர்களே, அதே உயரத்தில் மற்றொன்று அதிக விக்கெட்டு எடுத்தவனுக்கும் போடுங்கள். தேநீர் எல்லோருக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரித் தம்ளரில்.